அக்கா சொன்ன விலை

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே மூவரும் சௌக்கியமாக இருக்கிறோம். பத்தொன்பது வயதாகியும் பாப்பா என்று கூப்பிடுகிறோமே என்று பாப்பா முறைக்கிறாள், அதைத் தவிர வீட்டில் சண்டை சச்சரவு இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? காதுக்கு டாக்டரிடம் போனாயா? போன வாரம் உனக்குக் கேட்க வேண்டுமே என்று போனில் நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ கலாட்டா என்று ஓடி வந்துவிட்டார். அதனால்தான் இதைக் கடிதமாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். பதினோரு வருடமாக நாங்கள் வாடகைக்கு இருக்கும் இந்த ஃபிளாட்டை வீட்டுக்காரர் விற்கப்போகிறார். "வெளியாளுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி உங்களக் கேக்கறேன். செப்டம்பர் முடியறவரைக்கும் டைம்" என்றார். அதற்குள் முப்பது லட்சம் கையில் இருந்தால் மீதிக்கு பேங்க் கடன் தரும். இல்லையென்றால் காலி செய்ய வேண்டியதுதான். பாப்பாவுக்குக் கல்லூரி நடக்கிற தூரம். எனக்கு லிஃப்ட் கம்பெனி இரண்டு ஸ்டாப். இந்த வயதில் மூட்டை முடிச்சோடு எங்கே போய் நிற்பது?

அப்பா போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஐந்து அறை வீட்டில் நீ ஒருத்தி பெருக்கிக்கொண்டும் துடைத்துக்கொண்டும் இருக்கிறாய். வீடு நம் இருவர் பெயரிலும் இருக்கிறது. விற்றுவிடலாமா? அந்தப் பக்கத்துத் தரகர் ஒருவரிடம் விசாரித்தேன். அறுபது போகும் என்கிறார். ஆளுக்கு முப்பது. உனக்கும் கையடக்கமாக ஓர் இடம் பார்த்துக்கொள்ளலாம். நிதானமாக யோசித்து எழுது.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் இருக்கிறது, அதுவே பெரிய விஷயம். காது டாக்டர் ஒரு மெஷின் மாட்டிக்கொள்ளச் சொன்னார். அதன் விலையைச் சொன்னபோது மட்டும் எனக்கு நன்றாகக் காது கேட்டது. பாப்பாவை நான் கேட்டதாகச் சொல். உன் வீட்டுக்காரியின் தலைவலி குறைந்ததா?

யோசித்து எழுது என்றாய். பதினைந்து நாள் யோசித்தேன். விற்றுவிடலாம். பிள்ளையை வைத்துக்கொண்டு நீ நடுத்தெருவில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பேனா?

ஆனால் விலையை நான்தான் சொல்வேன். இருபத்தெட்டு வருடம் துணிக்கடையில் விலைச்சீட்டு எழுதியவள் நான். விற்காமல் தேங்கிப்போன துணிக்கு எங்கள் முதலாளி ஒருநாளும் விலையைக் குறைக்க விட்டதில்லை. கொஞ்சம் ஏற்றி எழுதி, கண்ணாடி அலமாரிக்கு மாற்றச் சொல்வார். பத்து நாளில் ஆள் வந்து தூக்கிக்கொண்டு போவான். அதனால் அறுபது என்று நீ வாயைத் திறக்காதே. நான் அறுபத்தெட்டு சொல்லியிருக்கிறேன்.

உன் தரகர் வந்து பார்த்தார். பட்டப்பகலில் கையில் டார்ச் லைட்டோடு வருகிறார். மூலைக்கு மூலை அடித்துப் பார்த்து, "ஓதம் இல்ல, வெரி குட்" என்று சுவருக்கு மார்க் போடுகிறார். நான் அவருக்கு டார்ச் என்றே பெயர் வைத்துவிட்டேன். என் விலையைக் கேட்டதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பேட்டரி தீர்ந்துபோன மாதிரி ஆகிவிட்டது. மார்க்கெட் எப்படிப் போகுமென்று யாருக்கும் தெரியாதாம். இந்தத் தெருவிலேயே மூன்று வீட்டில் 'விற்பனைக்கு' போர்டு தொங்குகிறது, மூன்றிலும் மூன்று விலை.

விற்றபிறகு என் கட்டில், பீரோ, நான் எல்லாம் எங்கே போவது என்று ஒருநாள் பேச வேண்டும். அவசரமில்லை.

அன்புடன்,
அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பார்த்து உயிர் வந்தது. உன் மனசு யாருக்கு வரும்? இங்கே தலைவலி, காய்ச்சல் ஒன்றும் இல்லை. பாப்பாவுக்குப் பரீட்சை நடக்கிறது. நீ மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறாய் என்று நம்புகிறேன்.

எனக்கு லீவு கிடைக்காது. இந்த வருடம் பழைய கட்டடங்களில் எல்லாம் லிஃப்டை மாற்றுகிறார்கள். ஒரு நாள் வரவில்லை என்றால் பதினான்காவது மாடியிலிருந்து போன் போட்டுத் திட்டுகிறார்கள். அதனால் என் பங்குக்கும் நீயே கையெழுத்துப் போடும்படி பவர் பத்திரம் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். விலை, பேச்சு, பதிவு எல்லாம் உன் பொறுப்பு.

அறுபத்தெட்டு கொஞ்சம் அதிகமில்லையா அக்கா? எங்கள் வீட்டுக்காரரும் இப்படித்தான். ஜனவரியில் நாற்பத்தெட்டு என்றவர் இப்போது ஐம்பது என்கிறார். ஏன் சார் என்று கேட்டால், "எதிர் பில்டிங்ல ஐம்பத்தொண்ணு சொல்றான்" என்கிறார். எதிர் பில்டிங்கில் ஆறு மாதமாக அந்த வீடு பூட்டியே கிடக்கிறது, அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. விலை சொல்கிறவர்களுக்கு வாய் நீளம். வாங்குகிறவனுக்குத்தான் பை சின்னது.

துணியும் வீடும் ஒன்றா? பார்த்துச் செய். செப்டம்பரை மறந்துவிடாதே.

என்றும் உன்,
தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

பவர் பத்திரம் வந்தது. உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறிய மாதிரியே இருக்கிறது. பாப்பா பரீட்சை எப்படி எழுதினாள்? நான் தெம்பாக இருக்கிறேன். இரண்டு வாரமாக முழங்காலை நினைக்கவே நேரமில்லை.

ஆட்கள் வருகிறார்கள் தம்பி! சனி, ஞாயிறு மூன்று மணியிலிருந்து ஆறு வரை. ஒரே நேரத்தில் கூட்டமாகக் கூட்டி வராதீர்கள், மணிக்கு ஒருவராக அழைத்து வாருங்கள் என்று டார்ச்சிடம் சொல்லிவிட்டேன். வருகிறவர்களுக்குக் கொடுக்க ஆறு புதுக் கப் வாங்கினேன். பழையதில் எல்லாம் பிடி உடைந்திருந்தது, இவ்வளவு நாள் எனக்கு அது தெரியவே இல்லை.

முதலில் ஒரு புது ஜோடி. அவன் டேப்பை வைத்துக் குளியலறைக் கதவை அளந்தான், வாஷிங் மெஷின் நுழையுமா என்று. அவள், "மொதல்ல நீ நுழையறியா பாரு" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அப்புறம் ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர். ஒவ்வொரு சுவரையும் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். நானும் கூடவே காதை வைத்துக் கேட்டேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்து ஓர் அம்மாவும் மகனும். எந்த அறை யாருக்கு என்று அவர்களுக்குள் வந்த தகராறு தீரவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள்.

எல்லோரிலும் நல்லவர்கள் வாத்தியாரும் அவர் மனைவியும். அவர் கணக்கு, அந்தம்மா பூகோளம். வாசலிலிருந்து சமையலறைக்கு எத்தனை எட்டு என்று அவர் எண்ணுகிறார். வெயில் எந்த மாதம் எந்த ஜன்னலில் விழும் என்று அந்தம்மா கேட்கிறார். இந்த வீட்டில் ஐம்பத்தெட்டு வருடம் இருந்திருக்கிறேன், என்னை இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. இரண்டு முறை வந்துவிட்டார்கள். விலைதான் இடிக்கிறதாம். இடிக்கட்டும்.

பாப்பா இன்னும் ஜன்னல் பக்கத்து அறையில்தான் படுக்கிறாளா? உங்கள் வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்த சின்ன அறை ஒன்று உண்டே, அதை இப்போது எதற்கு வைத்திருக்கிறீர்கள்? சும்மாதான் கேட்டேன்.

அன்புடன்,
அக்கா


மே 25

அன்புள்ள தம்பிக்கு,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. வேலை அதிகம் என்று நானே உன் சார்பில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன்.

இங்கே ஒரே அமர்க்களம். நம் தெரு முனையில் ரயில் நிலையம் வரப்போகிறதாம். நான்கு பேர் வந்து கோல் நட்டு அளந்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான், மறுநாள் காலை மூன்று போர்டிலும் பழைய விலையை அழித்துவிட்டார்கள். மூலை வீட்டுக்காரர் யானை விலை குதிரை விலை சொல்கிறார். நேற்று வரை தண்ணீர் வரவில்லை, வடிகால் அடைக்கிறது என்று புலம்பியவர், இப்போது அதே வீட்டை அரண்மனை என்கிறார்.

நானும் ஏற்றிவிட்டேன். எழுபத்திரண்டு. டார்ச் தலையில் கை வைத்துக்கொண்டு, "அம்மா, கெடைக்கறப்ப குடுத்துடணும். ஸ்டேஷன் இன்னும் பேப்பர்லதான் இருக்கு" என்றார். எனக்குத் தெரியாதா? கேட்டால்தானே கிடைக்கும்?

ஞாயிறு வந்தவர்கள் போய் ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினால், அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பால்காரரோடு பேசுவதுதான். அவரும் வாசலில் நிற்க மாட்டார். ஒரு புதன்கிழமை டார்ச்சுக்குப் போன் போட்டு, நடுவில் யாராவது வருவார்களா என்று கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

உன் பதிலில் விலையைத் தவிர வேறு ஏதாவதும் எழுது.

அன்புடன்,
அக்கா


ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துவிடு. கை ஓயவில்லை. உன் இரண்டு கடிதமும் பக்கத்திலேயே இருக்கின்றன. நாங்கள் நலம். பாப்பா நல்ல மார்க் வாங்கிவிட்டாள்.

எழுபத்திரண்டு! நான் உன்னைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன். ஆளுக்கு முப்பத்தாறு என்றால் எனக்குக் கடன் சுமை ஆறு லட்சம் குறைந்துவிடும். லிஃப்ட் ரூமில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்துவிட்டு விசில் அடித்தேன். இனி உன் வழியில் குறுக்கே வரமாட்டேன். வாத்தியார் சம்மதித்தால் உடனே பிடித்துக்கொள்.

விலையைத் தவிர வேறு எழுதச் சொன்னாய். உன் விஷயத்தை நான் மறக்கவில்லை. டார்ச்சிடம் சொல்லி உனக்கு வாடகைக்கு இடம் விசாரித்தேன். மூன்று சொன்னார். ஒன்று மார்க்கெட் பின்புறம், தரைத்தளம், உன் முழங்காலுக்கு நல்லது. இன்னொன்று ஸ்டேஷனரிக் கடை மாடி, ஒரே அறை, காற்றோட்டம் உண்டு. மூன்றாவது ஒரு குடும்பத்தோடு சேர்ந்தாற்போல் பின்கட்டு. விலாசங்கள் தனித்தாளில் இருக்கின்றன. நேரம் கிடைக்கும்போது போய்ப் பார்.

தையல் மெஷின் அறை அப்படியேதான் இருக்கிறது.

அன்புடன்,
தம்பி


ஜூலை 28

தம்பிக்கு,

நலம். மழை பிடித்துக்கொண்டது.

ஸ்டேஷன் இந்தப் பக்கம் வரவில்லையாம். கோலைப் பிடுங்கிக்கொண்டு போய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நட்டுவிட்டார்கள். மூலை வீட்டுக்காரர் போர்டையே கழற்றி உள்ளே வைத்துவிட்டார். பேங்க் வட்டியும் ஏறிவிட்டது என்று டார்ச் சொல்கிறார். வீடு பார்க்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். போன சனிக்கிழமை யாரும் வரவில்லை.

வாத்தியார் வேறு வீடு வாங்கிவிட்டார்.

நீ அனுப்பிய விலாசங்களைப் போய்ப் பார்த்தேன். மூன்றும் இருக்கின்றன.

அக்கா


ஆகஸ்ட் 16

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

தங்கள் வீட்டு விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் தரகர் எழுதுவது. வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் சகோதரியாரைப் பற்றிக் கோள் சொல்வதாகத் தாங்கள் எண்ணக் கூடாது. பெட்ரோல் செலவு என் கையைக் கடிக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இதுவரை நாற்பத்தொரு பார்ட்டிகளைக் கூட்டிச் சென்றிருக்கிறேன். அம்மா எல்லோரையும் உட்கார வைத்து, டீ கொடுத்து, வீட்டை ஓட்டுக்கூரை வரைக்கும் காட்டுகிறார்கள். நான் பார்த்த வீட்டுக்காரர்களிலேயே இவ்வளவு மரியாதை தெரிந்தவர் கிடையாது. ஆனால் யாராவது விலைக்கு நெருங்கி வந்தால் விலை ஏறிவிடுகிறது. அறுபத்தைந்துக்கு மூன்று பேர் நின்றார்கள். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை வாத்தியார் எழுபத்திரண்டுக்குச் சம்மதித்து, அட்வான்ஸ் செக்கே எழுதிவிட்டார். பேனாவை மூடுவதற்குள் அம்மா எழுபத்தைந்து என்றார்கள். வாத்தியார் மனைவி கண் கலங்கிப் போனார். நான் வெளியே வந்து, "ஏம்மா இப்படி?" என்றேன். "தம்பி கிட்டேருந்து வேற லெட்டர் வரட்டும்" என்றார்கள். தாங்கள்தான் அதிகம் கேட்கச் சொல்கிறீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. தங்கள் ஊரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் எத்தனை சதுர அடி இருக்கும், நான்கு பேர் நெருக்கியடிக்காமல் இருக்கலாமா என்று இரண்டு மூன்று முறை கேட்டார்கள். அங்கே இடம் வாங்கும் யோசனை இருந்தால் எனக்குத் தெரிந்தவர்கள் உண்டு.

இன்றைய நிலவரத்தில் அறுபதுக்கே ஆள் கிடைப்பது சிரமம். தாங்கள் ஒரு முடிவு சொன்னால் புண்ணியமாகப் போகும்.

தங்கள் உண்மையுள்ள,
தரகர்


ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

தரகர் எழுதியிருக்கிறார். வாத்தியார் எழுபத்திரண்டுக்குச் சம்மதித்தாரா இல்லையா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. வேறு வீடு வாங்கிவிட்டார் என்று என்னிடம் ஒரே வரியில் முடித்துவிட்டாயே, அவரை நீதான் துரத்தினாய் என்று ஏன் எழுதவில்லை?

நான் உன்னை என்ன செய்தேன்? விற்க இஷ்டமில்லை என்றால் பிப்ரவரியிலேயே இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு வழி பார்த்திருப்பேன். விற்கிறேன் என்று சொல்லிவிட்டு இப்படி விளையாடலாமா? துணிக்கடை அனுபவம் என்று நீ சொன்னதை வேதவாக்காக நம்பிக்கொண்டிருந்தேன். இன்னும் நாற்பது நாள்தான் இருக்கிறது. இங்கே வீட்டுக்காரர் வேறு பார்ட்டியைக் கூட்டி வந்து எங்கள் சமையலறையைக் காட்டுகிறார். பாப்பா புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து நிற்கிறாள், அந்த ஆள் அவள் அறை ஜன்னலைத் திறந்து திறந்து பார்க்கிறான்.

எங்கள் ஃபிளாட் எத்தனை அடி என்று தரகரிடம் ஏன் கேட்கிறாய்? என்னிடம் கேட்டால் சொல்ல மாட்டேனா? எழுநூற்றிருபது அடி. போதுமா?

தம்பி


செப்டம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

ஆமாம், சம்மதித்தார். நான்தான் எழுபத்தைந்து என்றேன்.

வீட்டை விற்றுவிட்டேன். ஐம்பத்தெட்டு. நேற்றுப் பதிவு முடிந்தது. வாங்கியவர் மருந்துக்கடைக்காரர். வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை. வாசலில் நின்றபடியே, "எடத்துக்குத்தான் காசு, கட்டடம் எனக்கு வேண்டாம்" என்றார். டீ போடட்டுமா என்று கேட்டேன். நேரமில்லை என்றார். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, டார்ச் கைவிளக்கை வெளியே எடுக்கவே இல்லை.

உன் பேங்க் கணக்குக்கு முப்பது அனுப்பிவிட்டேன். பாதிக்கு இருபத்தொன்பதுதான் வரும் என்று கணக்குப் பார்க்காதே. விலையை விட்டது நான், அதனால் குறைவதும் என் பங்கில் குறையட்டும். செப்டம்பருக்குள் வந்துவிட்டதா இல்லையா?

முப்பதாம் தேதி வரை இங்கே இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பாப்பாவிடம் ஜன்னலை இனி யாரும் திறக்க மாட்டார்கள் என்று சொல்.

அக்கா


செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

பணம் வந்தது. ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். இதை எழுதும்போது சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை.

தரகர் கடிதத்தை வீட்டில் யாரும் பார்க்கக் கூடாது என்று கருவிப் பெட்டியில் வைத்திருந்தேன். ஸ்க்ரூ டிரைவர் தேடியவள் எடுத்துவிட்டாள், என் வீட்டுக்காரிதான். படித்துவிட்டு உன் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து, தேதிவாரியாகச் சாப்பாட்டு மேஜையில் அடுக்கி, முதலிலிருந்து படித்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நிமிர்ந்து, "அக்கா மூணு தடவ கேட்டிருக்காங்க. நீங்க ஒரு தடவகூடவா பதில் எழுதல?" என்றாள்.

"என்ன கேட்டாங்க?" என்றேன். நிஜமாகவே தெரியாதவன் மாதிரி.

"அவங்க இங்க வர்றாங்கன்னுதானே நான் இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன்? மொத லெட்டர்லயே எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேன். இல்லன்னா தையல் மெஷின எதுக்கு ஹாலுக்கு மாத்தினேன்?"

மெஷின் ஹாலுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது அக்கா. தினமும் அதில் இடித்துக்கொண்டுதான் செருப்புப் போடுகிறேன். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அறை அப்படியே இருக்கிறது என்று உனக்கு எழுதியபோதுகூட நான் எட்டிப் பார்க்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குத் தெரியாமல் இல்லை. நீ கட்டில், பீரோ, நான் என்று எழுதிய அன்றே தெரியும். அப்பா ஆறு வருடம் படுக்கையில் கிடந்தபோது நீ ஒருத்தியாகப் பார்த்தாய். நான் நான்கு முறை வந்தேன், நான்கு முறையும் திரும்பிப்போக டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தேன். இப்போது வா என்று கூப்பிட்டால், இத்தனை வருடம் ஏன் கூப்பிடவில்லை என்று நீ கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் கூப்பிடவில்லை. விலையைப் பற்றி எழுதுவது சுலபமாக இருந்தது, அதையே எழுதிக்கொண்டிருந்தேன். உன்னைத் திட்டி எழுதிய கடிதத்தை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

போனில் சொல்லியிருப்பேன். உனக்குக் கேட்க வேண்டும் என்று இதை நான்கு வீட்டுக்குக் கேட்கும்படி கத்த எனக்குத் தைரியம் இல்லை.

இங்கே வந்துவிடு அக்கா. எங்களோடு இரு. அறை சின்னதுதான், கட்டில் போட்டால் பீரோவுக்கு இடம் இருக்காது, பீரோவை ஹாலில் வைக்கலாம் என்று பாப்பா அளந்து பார்த்துவிட்டாள். முப்பதாம் தேதிக்குள் பதில் எழுது.

உன் தம்பி


நவம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

செப்டம்பர் பதினைந்தாம் தேதியே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் மருந்துக்கடைக்காரர். உன் கடிதம் பூட்டிய வீட்டுத் தபால் பெட்டியில் ஆறு வாரம் கிடந்திருக்கிறது. நேற்று வீட்டை இடிக்க ஆள் வந்தபோது எடுத்து, டார்ச் கொண்டு வந்து கொடுத்தார். பணம் வந்ததா என்றுகூட நீ எழுதவில்லையே என்று இத்தனை நாளும் உன்னை வாயார வைதுகொண்டிருந்தேன். அதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வீட்டுப் போனும் வீட்டோடு போய்விட்டது, நீயும் பதில் வராமல் என்னென்ன நினைத்தாயோ. புது விலாசத்தை நான் எழுதியிருக்கலாம். எழுதினால், நீ விசாரித்த ஸ்டேஷனரிக் கடை மாடிக்கே வந்துவிட்டேன் என்று உனக்கு நிம்மதியாகிவிடும். அந்த நிம்மதியை உனக்குத் தர எனக்கு மனம் வரவில்லை.

கடையில் கூட்டம் இருந்தது. ஓரமாக நின்று படித்தேன். கடைக்காரர் ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

ஜூன் மாதக் கதையைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தபால் வந்தது. தையல் மெஷின் அறையைப் பற்றி இரண்டு மாதம் முன்னால் கேட்டிருந்தேன், அதற்குப் பதில் வந்திருக்கும் என்று ஈரக் கையைத் துடைக்காமல் பிரித்தேன். அதில் மூன்று வாடகை விலாசம் இருந்தது. மூன்று மணிக்கு வாத்தியார் வந்தார். எழுபத்திரண்டுக்குச் சரி என்றார். நீ எழுத எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டியிருந்தது தம்பி. அதனால் எழுபத்தைந்து என்றேன். அந்தம்மா அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்தப் பாவம் என்னோடுதான்.

முதலாளி சொன்ன வித்தையெல்லாம் உன்னைச் சமாளிக்கச் சொன்னது. துணி விற்க வேண்டும் என்றுதான் முதலாளி விலையை ஏற்றுவார். நான் விற்கக் கூடாது என்று ஏற்றினேன். ஆட்கள் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனது பிடித்திருந்தது, அதையும் மறைக்க மாட்டேன். வீடு விற்றுப்போனால் அப்புறம் யார் வருவார்கள்? நீ என்னைக் கூப்பிட்டு ஒரு வரி எழுதியிருந்தால், பிப்ரவரியிலேயே, டார்ச் சொன்ன அறுபதுக்கே கொடுத்துவிட்டுப் பெட்டியைக் கட்டியிருப்பேன்.

நானே கேட்டிருக்கலாம். கேட்டால் நீ சரி என்றுதான் சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியும். கேட்டு வாங்குகிற சரி எனக்கு வேண்டாம் என்று வீம்பாக இருந்தேன். இத்தனை வருடம் ஏன் கூப்பிடவில்லை என்று நான் கேட்பேனோ என்று பயந்தாய். கேட்கத்தான் செய்வேன். வாய் இருக்கிறதே, சும்மா இருக்குமா? நீ பதில் சொல்ல வேண்டாம், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திரு, போதும்.

இந்த அறைக்கு ஒரு வருட வாடகையை முன்கூட்டியே கட்டிவிட்டேன். காற்று வருகிறது, நீ விசாரித்தது சரிதான். கீழே கடையில் பகல் முழுக்க ஆள் நடமாட்டம். யாரும் மாடி ஏறி வருவதில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்குக் கை தானாகப் பாத்திரத்தில் தண்ணீரை அதிகமாக ஊற்றுகிறது, அப்புறம் பாதியைக் கொட்டுகிறேன். வரவில்லை, இங்கேயே சௌகரியமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் காலையில் உட்கார்ந்தேன். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். சௌகரியமாக இல்லை.

தனியாக ரயில் ஏறி வந்து உன் வாசலில் பெட்டியோடு நிற்க மாட்டேன். நீ லீவு போட்டுவிட்டு வா. வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. பீரோ வேண்டாம், யாருக்காவது கொடுத்துவிடலாம். விலாசம் உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். இதைத் திரும்பப் படித்தால் கிழித்துவிடுவேன். இப்போதே கீழே இறங்கிப் போய்த் தபாலில் போடுகிறேன்.

அக்கா